ட்ரான்: லெகசி: படம் அழகு, நடிப்பு ஏன் ஒட்டவில்லை?

கேள்வி: உங்கள் மதிப்புரையில் "கண்ணைப் பறிக்கும் படம், நடிகர்கள் மட்டும் மரம்போல நிற்கிறார்கள்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். பச்சைத் திரைக்கு முன்னால் நிற்கவைத்தால் யார்தான் நடிப்பார்கள்? எதிரே ஒன்றுமே இல்லாதபோது முகத்தில் என்ன வரும்? குறை நடிகர்களுடையது இல்லை, கிராபிக்ஸுடையது. நடிகர்களைப் பழிப்பது அநியாயம்.

ஜூன் 8, இரவு

நியாயமான கேள்வி. அந்த ஒரு வரியை அவசரமாக எழுதினேன். படத்தைப் பார்க்காதவர்களுக்கு: கணினிக்குள் இருக்கும் உலகத்தில் சிக்கிக்கொண்ட அப்பாவைத் தேடி மகன் உள்ளே போகும் கதை இது. எனக்கே நடந்த ஒன்றிலிருந்து தொடங்குகிறேன்.

சில வருடங்களுக்கு முன் நண்பர் ஒருவர் எடுத்த குறும்படத்தில் ஒரு நாள் நின்றேன். சுவர் முழுக்கப் பச்சைத் துணி, பின்னணியைப் பிறகு கணினியில் சேர்ப்பதற்காக. நாங்கள் ஐந்து பேர். எதிரே ஒரு மலை பிளந்து உள்ளிருந்து பெரிய கப்பல் ஒன்று எழும்புகிறது, அதைப் பார்த்து வாய் பிளக்க வேண்டும். பார்வை ஓரிடத்தில் நிற்பதற்காக ஒரு கம்பின் நுனியில் சிவப்பு நாடா கட்டி, ஒருவர் அதை மெல்ல மேலே தூக்கினார். எடுத்து முடித்ததும் மானிட்டரில் போட்டுப் பார்த்தோம். ஒருவர் நாடாவைப் பார்க்கிறார், ஒருவர் கம்பைப் பிடித்திருந்த கையைப் பார்க்கிறார், இன்னொருவர் கப்பல் ஏற்கெனவே மேகத்துக்குள் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டு அண்ணாந்து நிற்கிறார். என் முகம் க்ளோசப்பில் வந்தது. வாய் சரியாகத்தான் பிளந்திருந்தது. கண்தான் காட்டிக்கொடுத்தது. கருவிழி இரண்டும் மூக்குப் பக்கமாக லேசாகச் சாய்ந்திருந்தன. பக்கத்தில் இருப்பதைப் பார்த்தால் கண் அப்படித்தான் உள்நோக்கித் திரும்பும், தூரத்து மலையைப் பார்க்கும்போது நேராக நிற்கும். நான் நாலடி தூரத்தில் இருந்த நாடாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் எவ்வளவு பெரிய மலையை வரைந்து வைத்தாலும் அந்தக் கண்ணை ஏமாற்ற முடியாது.

ஆகவே நீங்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது.

ஜூன் 9

நேற்று எழுதியதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இயன் மெக்கெல்லன் போன்ற நாடக மேடையில் ஊறிய நடிகரே 2012இல் வந்த ஹாபிட் முதல் படத்தின் படப்பிடிப்பில் உடைந்து அழுதிருக்கிறார். கதையில் அவர் உயரமான மந்திரவாதி, மற்றவர்கள் குள்ளர்கள். இரண்டு அளவையும் ஒரே காட்சியில் கொண்டுவருவதற்காக அவரைத் தனியாக நிற்கவைத்து, மற்ற நடிகர்களின் படங்களைத் தாங்கிகளில் மாட்டி, அவற்றோடு பேசச் சொல்லியிருக்கிறார்கள். பின்னாளில் அவரே பேட்டிகளில் இதைச் சொன்னார். அவருக்கே அந்த நிலை என்றால் புதிதாக வருகிறவர்கள் என்ன செய்வார்கள்?

ஜூன் 9, மாலை

ஆனால் ஒன்று இடிக்கிறது. 1982இல் வந்த முதல் ட்ரான் படத்தில் கணினிக்குள் நடக்கும் காட்சிகளைக் கறுப்புத் துணி போர்த்திய செட்டில் கறுப்பு வெள்ளையில் எடுத்தார்கள். கறுப்புக் கோடு போட்ட வெள்ளை உடையில் நடிகர்கள் நடித்தார்கள். ஒளியையும் நிறத்தையும் பிறகு ஒவ்வொரு சட்டகமாகச் சேர்த்தார்கள். அதாவது எதிரே ஒன்றுமே இல்லை. அதில் நாயகனாக வரும் ஜெஃப் பிரிட்ஜஸைப் பாருங்கள் (லெகசியில் அப்பாவாக வருபவரும் அவர்தான்). துறுதுறுவென்று இருக்கிறார், சிரிக்கிறார், ஒரு இடத்தில் நிற்கமாட்டேன் என்கிறார்.

வெறும் மேடையில் மலையையும் கடலையும் கண்முன் கொண்டுவந்து நிறுத்துகிற கலைஞர்கள் எத்தனையோ பேர். எதிரே ஒன்றும் இல்லாததுதான் காரணம் என்றால் நாடகமே நடந்திருக்க முடியாது. இதை இன்னும் யோசிக்க வேண்டும்.

ஜூன் 11

ஒரு திருத்தம், அதுவும் பெரிய திருத்தம். இந்தப் படத்தைப் பற்றித் தேடிப் படித்தேன். ஜூன் 8 அன்று நான் எழுதிய வாதம் இந்தப் படத்துக்கு அவ்வளவாகப் பொருந்தவில்லை.

வான்கூவரில் நடந்த படப்பிடிப்பில் முக்கியமான பல இடங்களை உண்மையாகவே கட்டியிருக்கிறார்கள். தந்தை ஒளிந்து வாழும் அந்த வெள்ளை வீடு, கீழிருந்து ஒளி வரும் தரை, சாப்பாட்டு மேசை எல்லாம் தொட்டுப் பார்க்கக்கூடிய செட். உடையில் ஓடும் ஒளிக்கோடுகளும் பெரும்பாலும் பிறகு வரைந்து சேர்த்தவை அல்ல. உடைக்குள்ளேயே மெல்லிய ஒளிப்பட்டைகளைப் பதித்து, பேட்டரி வைத்து எரியவிட்டிருக்கிறார்கள். எதிரே நிற்பவரின் ஒளி இவர் கன்னத்தில் விழுவது நிஜம். இயக்குநர் ஜோசஃப் கொசின்ஸ்கி கட்டடக்கலை படித்தவர், இதுதான் அவருடைய முதல் முழுநீளப் படம். கட்டடக்கலை படித்தவரின் கை படம் முழுக்கத் தெரிகிறது.

ஆகவே அந்த வீட்டுக்குள் நடிகர்களுக்கு எதிரே சுவர் இருந்தது, நாற்காலி இருந்தது, முக்கியமாக இன்னொரு நடிகர் இருந்தார். அப்புறமும் அந்தக் காட்சிகள்தான் படத்திலேயே உயிரில்லாதவை. அரங்கத்தில் ஒளித்தட்டுகளை வீசிச் சண்டை போடும் காட்சிகள் எவ்வளவோ தேவலை.

கேள்வி கேட்டவருக்கு: நடிகர்களைப் பழிக்காதீர்கள் என்றீர்கள், அதை ஏற்கிறேன். கிராபிக்ஸைப் பழிப்பதையும் கொஞ்சம் நிறுத்தி வைப்போம்.

ஜூன் 12

"அப்படியென்றால் கிளூவின் முகம்?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். அது தனிக் கதை.

கிளூ என்பது தந்தை உருவாக்கிய கணினி நிரல். அவருடைய இளமை முகத்தோடு இருப்பவன், வயது ஏறாதவன். பிரிட்ஜஸ் பிறந்தது 1949, படம் வந்தபோது அவருக்கு 60ஐத் தாண்டியிருந்தது. இளம் முகத்தைக் கணினியில் செய்தது டிஜிட்டல் டொமெய்ன் நிறுவனம். அதற்கு இரண்டு வருடம் முன்னால், 2008இல் வந்த பெஞ்சமின் பட்டன் படத்தில் பிராட் பிட்டைக் கிழவராக்கி ஆஸ்கர் வாங்கியதும் அவர்கள்தான். கிழ முகம் நம்பும்படி வந்தது. இளம் முகம் ஏன் பொம்மை மாதிரி இருக்கிறது? என் கணிப்பு இது: சுருக்கம் நிறைந்த தோலில் சின்ன அசைவும் நூறு கோடுகளில் பரவித் தெரியும். வழுவழுப்பான கன்னத்தில் அசைவு ஒளிந்துகொள்ள இடமில்லை, கொஞ்சம் பிசகினாலும் மெழுகாகிவிடும். இத்தனைக்கும் இளம் பிரிட்ஜஸின் முகத்தைப் பழைய படங்களில் பார்த்துப் பழகியவர்கள் ஏராளம்.

கிளூ ஒரு நிரல் என்பதால் அந்தப் பொம்மைத்தனத்தைக் கதையோடு சேர்த்து விழுங்கிவிடலாம். தொடக்கத்தில் 1989இல் சின்னப் பையனைத் தூங்கவைக்கும் அப்பாவாக அதே முகம் வருகிறதே, அதுதான் உறுத்துகிறது. அங்கே அவர் மனிதர். பெரும்பாலும் முதுகையும் நிழலையும் காட்டிச் சமாளிக்கிறார்கள், ஆனாலும் ஒரு தடவை முகம் தெரிந்ததும் மனசு விலகிவிடுகிறது.

ஜூன் 12, சற்று நேரம் கழித்து

கிளூ முழுக்கப் பிரிட்ஜஸின் அசைவு என்றுதான் நினைத்திருந்தேன். அது தவறு. தலையில் மாட்டிய சின்னக் கேமராக்கள் பிரிட்ஜஸின் முக அசைவைப் பதிவு செய்தன. கழுத்துக்குக் கீழே இருப்பது வேறொரு இளம் நடிகரின் உடல். அவர் பிரிட்ஜஸ் செய்து காட்டியதைப் பார்த்துப் பார்த்துச் செய்திருக்கிறார்.

இதைத் தெரிந்துகொண்டு மறுபடி பார்த்தேன். கிளூ கூட்டத்துக்கு முன்னால் ஆவேசமாகப் பேசும் காட்சியில் கழுத்தைக் கவனியுங்கள். கோபம் வந்தால் நமக்கு முகத்தோடு கழுத்தும் தோளும் சேர்ந்து இறுகும். இங்கே முகம் தன் போக்கில் கோபப்படுகிறது, தோள் தன் போக்கில் நிமிர்கிறது. இரண்டு பேருடைய கோபம் ஒரே உடம்பில் இருக்கிறது, ஆனால் ஒன்றோடொன்று பேசவில்லை. இந்த இடத்தில் மட்டும் உங்கள் குற்றச்சாட்டு நிற்கும்.

ஜூன் 14

ஒரு சோதனை செய்தேன். முதல் ஒரு மணி நேரத்தைச் சத்தமே இல்லாமல் பார்த்தேன்.

மகன் சாமாக நடிக்கும் காரெட் ஹெட்லண்டைப் பற்றி நான் எழுதிய "மரம்" என்ற வார்த்தைக்காக இன்று வருத்தப்படுகிறேன். கணினிக்குள் போவதற்கு முந்தைய காட்சிகளைப் பாருங்கள். பூட்டிக்கிடக்கும் அப்பாவின் விளையாட்டுக் கூடத்துக்குள் நுழைகிறான். தூசி படிந்த உறைகள். பழைய ட்ரான் எந்திரத்தில் ஒரு நாணயத்தைப் போடுகிறான். அது நிற்காமல் கீழே விழுந்துவிடுகிறது. எடுக்கக் குனிகிறான். தரையில் எந்திரம் நகர்ந்த கீறல் தெரிகிறது. ஒரு கணம் அப்படியே இருக்கிறான், பிறகு எந்திரத்தை இழுக்கிறான், பின்னால் கதவு. ஒரு வசனம் கிடையாது. குனியும் வரை அவன் வேடிக்கை பார்க்க வந்த பையன். கீறலைப் பார்த்த பிறகு அப்பாவைத் தேடுகிற மகன். அந்த மாற்றம் முதுகிலேயே தெரிகிறது. இதைச் செய்யத் தெரிந்தவருக்கு நடிக்கத் தெரியாது என்று எப்படிச் சொல்வது?

அவனுடைய நாய் வரும் காட்சியும் அப்படித்தான். கைக்கு வேலை இருக்கிறது, பார்க்க ஒரு உயிர் இருக்கிறது, மனிதனாக இருக்கிறான்.

ஜூன் 15

இன்று தலைகீழ். திரையை அணைத்துவிட்டு, வெள்ளை வீட்டுக் காட்சிகளைக் காதில் மட்டும் கேட்டேன்.

பிரச்சினை இங்கேதான் இருக்கிறது. இருபது வருடம் காணாமல்போன அப்பாவும், ஏழு வயதில் அவரைத் தொலைத்த மகனும் ஒரு மேசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். மகனுக்குக் கொடுத்திருக்கும் வசனத்தில் பெரும்பகுதி கேள்வி. என்ன ஆயிற்று, யார் அது, எப்படி நடந்தது. அப்பாவுக்குக் கொடுத்திருப்பது அதற்கான நீண்ட விளக்கம். தானாகத் தோன்றிய உயிர்கள், கிளூவின் துரோகம், மூடிக்கொண்ட வாசல். நமக்குக் கதை புரிய வேண்டும் என்பதற்காக மகன் கேட்கிறான். அவனுக்கு வேண்டியதைக் கேட்க அவனை விடவே இல்லை. ஏன் வரவில்லை, ஒரு நாளாவது என்னை நினைத்தாயா என்று அவன் மேசையைத் தட்டிக் கேட்டிருக்க வேண்டிய நேரம் அது. செட் எவ்வளவு நிஜமாக இருந்தால் என்ன, எதிரே அப்பா இல்லை, கதைச்சுருக்கம் உட்கார்ந்திருக்கிறது.

பிரிட்ஜஸ் அனுபவசாலி, தன் பங்கை எப்படியோ காப்பாற்றிக்கொள்கிறார். எண்பதுகளின் கொச்சைச் சொற்களை இழுத்து இழுத்துப் பேசுகிறார். 1989இல் அடைபட்டவனுக்கு அந்தப் பேச்சுதான் மிச்சமிருக்கும் என்று அவர் யோசித்திருக்கிறார். இளையவரிடம் அந்தத் தந்திரம் இல்லை.

ஜூன் 18

அம்மாவோடு சேர்ந்து பார்த்தேன். அவருக்கு ஆங்கிலம் புரியாது, கதையையும் நான் சொல்லவில்லை. அப்பாவும் மகனும் சந்திக்கும் காட்சி முடிந்ததும் கேட்டார்: "அந்தப் பையன் இவரைப் பார்த்துச் சந்தோஷப்பட்டானா இல்லையா?"

நான் இத்தனை நாள் எழுதியதையெல்லாம் விட இந்தக் கேள்வி கூர்மையானது. பதில் சொல்லத் தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவரே, "பாவம், கையை எங்கே வைப்பதென்று அவனுக்குத் தெரியவில்லை" என்றார். உண்மைதான். உடம்பை இறுக்கிப் பிடிக்கும் உடை, பைகூடக் கிடையாது, சந்திக்கும்போது கையில் ஒரு பொருளும் கிடையாது. எல்லாம் அளந்து வைத்தாற்போல் இருக்கிறது. நகர்ந்தால் சட்டகத்தின் அழகு கெட்டுவிடும் என்று பயந்து நிற்பதுபோலத்தான் எனக்கும் பட்டது.

கணினி உலகத்தில் அப்பாவோடு அந்த வீட்டில் இருக்கும் குவாராவாக வரும் ஒலிவியா வைல்டை அம்மாவுக்குப் பிடித்துப்போயிற்று. "இவள் மட்டும் எல்லாவற்றையும் உற்றுப் பார்க்கிறாள்" என்றார்.

ஜூன் 19

அம்மா சொன்னதிலிருந்து இந்த நினைப்பு. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்கிறது. அதில் வியப்புக்கு மருட்கை என்று பெயர். அது நான்கு வழிகளில் பிறக்குமாம்: புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம். இதுவரை காணாதது, அளவில் மிகப் பெரியது, மிக நுண்ணியது, ஒன்று இன்னொன்றாக மாறுவது. அறிவியல் புனைவுப் படங்களின் மொத்தக் கடையும் இந்த நான்கில் அடங்கிவிடும். இந்தப் படத்திலும் நான்கும் இருக்கின்றன. கையில் இருக்கும் கோலிலிருந்து ஒளிவண்டி உருவாகும் அந்தச் சில நொடி போதும், ஆக்கம் என்றால் என்ன என்று புரிந்துவிடும்.

ஆனால் அந்த இயலின் பெயரே மெய்ப்பாடு. உள்ளத்தில் எழுவது மெய்யில், உடம்பில், தெரிய வேண்டும். இந்தப் படம் மருட்கையைப் பார்வையாளருக்கு அள்ளிக் கொடுக்கிறது, அதை உணர வேண்டிய கதாபாத்திரத்துக்குத் தர மறந்துவிடுகிறது. சாம் உள்ளே விழுந்த சில நிமிடங்களுக்குள் கெட்டிக்காரப் பேச்சுப் பேச ஆரம்பித்துவிடுகிறான். அவன் வியக்கவில்லை, நாம் மட்டும் வியந்துகொண்டிருக்கிறோம். அவனுக்கும் நமக்கும் நடுவில் விழுகிற அந்த இடைவெளியைத்தான் நாம் "நடிப்பு சரியில்லை" என்று சொல்கிறோம் என்று இப்போது தோன்றுகிறது.

குவாராவின் காட்சி ஏன் ஒட்டுகிறது என்பதும் புரிகிறது. வெளியுலகத்தைப் பார்த்திராத அவள், ஜூல்ஸ் வெர்னைப் பற்றிச் சாமிடம் கேட்கும்போது முன்னால் சாய்ந்துகொள்கிறாள். அவளுக்கு நம் உலகம்தான் மருட்கை. எழுத்தும் அவளுக்கு அதைக் கொடுத்திருக்கிறது.

ஜூன் 23

"'2001: எ ஸ்பேஸ் ஒடிஸி' படத்திலும் விண்வெளி வீரர்கள் உணர்ச்சியே காட்டமாட்டார்கள், அதை மட்டும் கொண்டாடுகிறீர்களே" என்று கேட்டிருக்கிறார்கள். 1968இல் வந்த அந்தப் படத்தில் மனிதர்களை அடக்கிப் பேசவைத்ததற்குக் காரணம் இருக்கிறது. கப்பலில் அதிகம் உணர்ச்சி உள்ளவன் ஹால் என்ற கணினிதான். டக்ளஸ் ரெயின் என்ற நடிகரின் குரல் மட்டும். அந்தக் குரல் பயப்படும்போது நமக்கு அடிவயிறு கலங்குகிறது. மனிதர்கள் தட்டையாக இருந்தால்தான் அந்தப் பயம் கேட்கும். ட்ரான்: லெகசியில் மகன் தட்டையாக இருப்பதால் வேறு யாருக்கும் லாபமில்லை.

ஒன்றை மறந்துவிட்டேன். மைக்கேல் ஷீன், இரவு விடுதி நடத்துபவராகக் கைத்தடியைச் சுழற்றிக்கொண்டு வருகிறார். அதிகப்படியான நடிப்பு என்று பலருக்குக் கோபம். எனக்குப் பிடித்திருந்தது. அவர் கையிலாவது ஒரு பொருள் இருக்கிறது.

ஜூன் 24

இயக்குநரின் அடுத்த படமான ஆப்லிவியனையும் (2013) பார்க்கச் சொன்ன நண்பருக்கு நன்றி. அதில் மேகத்துக்கு மேலே நிற்கும் ஒரு கண்ணாடி வீடு வருகிறது. ஹவாயின் ஹாலேயாகலா மலையுச்சியில் மேகங்களைப் படமெடுத்து வந்து, வீட்டு செட்டைச் சுற்றிப் பெரிய திரை கட்டி, 21 ப்ரொஜெக்டர்களால் அந்த மேகங்களை ஓடவிட்டிருக்கிறார்கள். ஒளிப்பதிவு இரண்டு படங்களுக்கும் கிளாடியோ மிராண்டாதான். நடிகர்கள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தால் அங்கே அஸ்தமனம் இருக்கும். கண் சரியான தூரத்தில் நிற்கிறது, நான் ஜூன் 8இல் சொன்ன மூக்குப் பக்கச் சாய்வு இல்லை. வீட்டுக்குள் கணவனும் மனைவியும்போல் வாழும் இருவரில் ஆண்ட்ரியா ரைஸ்பரோ பிரமாதம். வெளியே போகப் பயப்படுகிறவள் என்பதை ஜன்னலோரம் நிற்கும் நிலையிலேயே சொல்லிவிடுகிறார்.

ஆனால் மேகம் இருந்ததால் மட்டும் அவர் நன்றாக நடித்தார் என்று சொல்லமாட்டேன். அவருக்கு ஒரு பயம் எழுதப்பட்டிருந்தது. இரண்டும் சேர்ந்து கிடைத்தது.

ஜூலை 2

மதிப்புரையைத் திருத்திவிட்டேன். "மரம்போல நிற்கிறார்கள்" என்ற வரியை எடுத்தாயிற்று. அந்த இடத்தில் இப்போது இருப்பது: "ஒளியும், டாஃப்ட் பங்கின் இசையும், கட்டடங்களும் அசரவைக்கின்றன. மனிதர்களுக்குக் கொடுக்கப்பட்ட பேச்சு அவர்களை ஒருவரையொருவர் பார்க்கவிடவில்லை. நாணயம் விழும் காட்சியையும் கடைசிக் காட்சியையும் தவறவிடாதீர்கள்."

கடைசிக் காட்சி ஏன் என்று கேட்பவர்களுக்கு. குவாரா வெளியுலகுக்கு வந்துவிட்டாள், சாமின் மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து போகிறாள். நிஜச் சாலை, நிஜ வெளிச்சம், வசனம் இல்லை. முகத்தில் வெயில் படுகிறது. அம்மா சோபாவில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்து, "இவள் வெயிலையே இப்போதுதான் பார்க்கிறாளா?" என்று கேட்டார். நான் இன்னும் கதையைச் சொல்லியிருக்கவில்லை.